முப்பத்தொரு வீடுகளின் மேல் நான் கீறிய சிவப்பு

1. ஆர் போட்டது?

அந்த வரைபடம் திங்கட்கிழமையே ஒட்டாவாவுக்குக் கூரியரில் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை மிஸிஸ் கரிமி எங்கள் ஒஃபிசுக்குள் நுழைந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பிரதியின் முன்னால் போய் நின்றார். ஒரு நிமிடம் பார்த்தார்.

"இந்தச் சிவப்பை ஆர் போட்டது?"

நான்தான் போட்டேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்துக் கையை வேறு உயர்த்தினேன்.

மிஸிஸ் கரிமி பேசியது ஆங்கிலம். என் பொஸ் கெவினும் ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு அந்த நாட்களில் எவர் எதைச் சொன்னாலும் உள்ளே யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது தொண்ணூறுகளின் முற்பகுதி. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட, வரைபடம் செய்யும் ஒரு சின்னக் கொம்பனி. நான் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படவரைஞனாக இருந்தவன். கனடா வந்து இரண்டு வருடம் பேக்கரியில் பாண் அடுக்கினேன். பிறகு என் கையெழுத்தைப் பார்த்து கெவின் வேலை தந்தான். அஜின்கோர்ட்டிலிருந்து பஸ், சப்வே, திரும்பவும் பஸ் என்று போக இரண்டு மணித்தியாலம். அதைப் பற்றி நான் முறைப்பட்டதே இல்லை. பேனை பிடிக்கும் வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

இப்போது சட்டலைட் படத்தைத் திரையில் விரித்துவைத்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அன்றைய முறையைச் சொல்லவேண்டும். விமானத்திலிருந்து எடுத்த ஏரியல் ஃபோட்டோவைப் பெரிதாக்கி டிஜிடைஸிங் மேசையில் ஒட்டுவோம். பக் என்று ஒரு கைக்கருவி. அதன் கண்ணாடியில் ஒரு சிலுவைக் குறி. அந்தக் குறியைத் தெருவின் மேல் வைத்து ஒரு கிளிக், வளைவில் ஒரு கிளிக். தெருவுக்கு ஒரு லேயர், ஆற்றுக்கு ஒரு லேயர், எல்லைக்கு ஒரு லேயர். முடிந்ததும் பிளொட்டர் தன் பேனைகளை மாற்றி மாற்றிக் கீறும். நாலாவது பேனை சிவப்பு. அதை அதிகம் பாவிப்பதில்லை.

நான் பாவித்தேன்.

2. கதியால் மூளை

வேலை கென்யாவின் மலைநாட்டு மாவட்டம் ஒன்றுக்கானது. பெயர் சொல்லமாட்டேன். காணி விஷயம், இந்த வயதில் எனக்கு வழக்கு வேண்டாம்.

பெரிய மலை ஒன்றின் தோளில் கிடக்கிறது அந்த மாவட்டம். விரித்த கைவிரல்கள் மாதிரி மேடுகள் கீழே இறங்குகின்றன. இரண்டு மேட்டுக்கு நடுவில் ஓர் ஓடை. ஒவ்வொரு குடும்பத்தின் காணியும் மேட்டு உச்சித் தெருவிலிருந்து ஓடைவரை ஒரு நீளத் துண்டு. உச்சியில் தேயிலை, அதற்குக் கீழே கோப்பி, இன்னும் கீழே வாழை, ஓடைக்கரையில் சேம்பு. மார்ச்சில் பெருமழை, ஒக்டோபரில் சிறுமழை. நிர்வாகத்துக்கு மாவட்டத்தை டிவிஷனாகப் பிரித்து, அதை லொக்கேஷனாகப் பிரித்து, அதையும் சப்-லொக்கேஷனாகப் பிரித்திருந்தார்கள். சப்-லொக்கேஷன் என்றால் எங்கள் ஊரில் கிராமத் தலைவரான விதானையாரின் பிரிவு. அங்கே விதானையாருக்குப் பெயர் அசிஸ்டன்ட் சீஃப்.

காட்டோரத்திலிருந்து குழாயில் தண்ணீர் இறக்கி, ஒவ்வொரு சப்-லொக்கேஷனுக்கும் ஒரு தாங்கி கட்டி, வீடுகளுக்குக் கிட்டக் குழாய் கொடுக்கும் திட்டம். உதவி கனடாவுடையது, வரைபடம் எங்களுடையது. ஒரே ஒரு நிபந்தனை. எல்லைப் பிணக்கு இருக்கும் இடம் முதல் கட்டத்தில் சேராது. வழக்குத் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்பது ஒட்டாவாக் கமிட்டியின் சட்டம்.

பதினேழாம் ஷீட்டில் கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு என்று இரண்டு சப்-லொக்கேஷன் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. பழைய வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவில் எல்லை நேர்கோடாகப் போகிறது. புதிய ஏரியல் ஃபோட்டோவிலோ தடித்த பச்சைக் கோடு ஒன்று அந்த எல்லையில் தொடங்கி, மெல்ல வளைந்து, கிழக்குப் பிரிவுக்குள் நுழைந்து, முப்பத்தொரு கூரைகளை வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதது மாதிரித் திரும்ப எல்லைக்கு வருகிறது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அட கள்ளப் பயலுகளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் வேலி உயிர்வேலி. கிளுவை, பூவரசு என்று கதியால் நட்டு, அது துளிர்த்து நிற்கும். வருடா வருடம் வேலி அடைக்கும்போது ஒரு கதியாலை இரண்டு விரல் அடுத்த வளவுக்குள் அரக்கி நடுவது ஒரு கலை. பத்து வருடத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைக்க இடம் வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் மாத்திரம் மூன்று வேலி வழக்கு. இரண்டில் நாங்கள் வழக்காளி, ஒன்றில் நாங்கள்தான் அரக்கினோம். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த எனக்கா இது தெரியாது?

அந்த இடம் முழுக்கச் சிவப்புச் சாய்கோடு போட்டு, "எல்லைப் பிணக்கு. வேலி நகர்த்தப்பட்டுள்ளது" என்று என் அழகான எழுத்தில் எழுதினேன்.

கெவின் வந்து பார்த்தான். "சிவா, இது நிச்சயமோ?"

"கெவின், அரக்கின வேலியை நான் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன்."

"வண்டர்ஃபுல்! இதைத்தான் லோக்கல் நொலெஜ் எண்டுறது." டோனட் ஒன்று வாங்கித் தந்தான். அவனுக்கு யாழ்ப்பாணமும் கென்யாவும் ஒரே லோக்கல். நானும் திருத்தவில்லை, டோனட்டைச் சாப்பிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதே மாதங்களில் அஜின்கோர்ட்டில் என் வீட்டுப் பின்வளவிலும் ஒரு வேலிப் பிரச்சினை. பக்கத்து வீடு பொன்னுத்துரை அண்ணை. எங்களுக்கு நடுவில் நின்ற பலகை வேலியை நான் ஒரு நாள் டேப் பிடித்து அளந்தேன். என் பக்கம் மூன்று அங்குலம், எங்கள் பேச்சில் மூன்று இஞ்சி, குறைகிறது. அன்றிலிருந்து அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

என் மனிசி ராணிக்கு இது பெரிய பகிடி. "மூண்டு இஞ்சியிலை என்ன, தென்னம்பிள்ளையே வைக்கப்போறியள்? ஆறு மாசம் ஸ்னோ மூடிக் கிடக்கிற நிலம்!"

"நிலத்துக்கில்லையப்பா, நியாயத்துக்கு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

3. அது என்ரை புல்லு

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மிஸிஸ் கரிமி அந்த மாவட்டத்தின் விவசாய அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம். யாரோ இரவல் கொடுத்த கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வரைபடங்களைச் சரிபார்க்க ஆறு வாரத்துக்கு வந்திருந்தார். பெப்ரவரிக் குளிரில் வந்து இறங்கிய மறுநாள் இது.

"வேலி எண்டு எழுதியிருக்கிறீங்கள். எது வேலி?"

"இந்தா, இந்தப் பச்சைக் கோடு, மேடம். மேற்குப் பிரிவுக்காரர் அரக்கியிருக்கினம். எனக்கு உது பழக்கம்."

"எது பழக்கம்? அரக்கவோ, வேலி திருடவோ?"

"ரெண்டும்" என்றேன்.

கெவின் கோப்பியோடு ஓரமாக நின்றான். மிஸிஸ் கரிமி ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"மிஸ்டர் சிவா, உங்கட ஊரிலை மலை இருக்கோ?"

"இல்லை."

"ஆறு?"

"அதுவும் இல்லை. கிணறுதான்."

"மழை பெஞ்சால் மண் எங்கை போகும்?"

இது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. "எங்கை போறது? அங்கையேதான் கிடக்கும்."

அவர் கெவினைப் பார்த்தார். கெவின் கோப்பிக் கோப்பையைப் பார்த்தான்.

"ஸ்டீரியோஸ்கோப் வைச்சிருக்கிறீங்களோ?"

வைத்திருந்தோம். அலுமாரியில், பெட்டிக்குள், தூசியோடு. பக்கத்துப் பக்கத்தில் எடுத்த இரண்டு படங்களை வைத்து இரண்டு கண்ணாலும் அதற்குள் பார்த்தால் நிலம் மேடு பள்ளமாக எழுந்து நிற்கும். விதிப்படி ஒவ்வொரு ஷீட்டையும் முதலில் அதில் பார்க்கவேண்டும். நான் பார்ப்பதில்லை. ஊரில் பதினொரு வருடம் அதைத் தொட்டதில்லை, தொடவேண்டிய தேவையும் வந்ததில்லை. யாழ்ப்பாணத்தை எந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாலும் தோசைக்கல்தான். அந்தப் பழக்கத்தில் ஒரே படத்தைப் பெரிதாக்கிவைத்துக் கீறிக்கொண்டிருந்தேன்.

மிஸிஸ் கரிமி படங்களை வைத்து, விரலால் கொஞ்சம் நகர்த்திச் சரிபண்ணி, "இப்ப பாருங்கோ" என்றார்.

குனிந்தேன். மலை எழும்பி என் மூக்கில் இடிக்க வந்தது. பயந்து தலையைப் பின்னால் இழுத்துவிட்டேன். திரும்பக் குனிந்தேன். மட்டமான காணி என்று நான் நினைத்தது செங்குத்தாய் இறங்கும் சரிவு. என் கள்ள வேலி அந்தச் சரிவின் வயிற்றைச் சுற்றி, ஒரே உயரத்தில், ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டிருந்தது. களவாக நகர்த்தின வேலி அப்படி மட்டம் பிடித்துப் போகாது. அது எனக்கே தெரியும்.

"அது நேப்பியர் புல்லு" என்றார் அவர். "சரிவைப் படிபடியா வெட்டி, படியின்ரை விளிம்பிலை நடுறது. மழைக்கு மண் இறங்காமல் பிடிக்கும். வெட்டி மாட்டுக்கும் போடலாம். ஒன்பது வருசம் அந்தச் சரிவிலை ஏறி இறங்கி, ரெண்டு பிரிவுப் பொம்பிளையளையும் ஒண்டாச் சேர்த்து நான் நட வைச்சனான். இறங்கிற மண் நீ எந்த அசிஸ்டன்ட் சீஃபின்ரை ஆள் எண்டு கேக்காது. அதாலைதான் புல்லு எல்லையைத் தாண்டிப் போகுது. வெட்டுற புல்லை ரெண்டு பக்கமும் பங்கு போடுகினம்."

"அப்ப எல்லை?"

"எல்லையிலை ஒரு வரிசை லில்லிச் செடி இருக்கு. முழங்கால் உயரம். பிளேனிலை இருந்து தெரியாது. அதை ஒருத்தரும் அசைக்கமாட்டினம். உங்கட பழைய கோடு எங்கை கிடந்துதோ அங்கைதான் இண்டைக்கும் கிடக்கு."

பிறகு குரல் மாறியது. "ஒன்பது வருசம் நாங்கள் நட்ட புல்லை நீங்கள் களவு எண்டு எழுதிப்போட்டீங்கள், மிஸ்டர் சிவா."

எனக்கு முகம் எரிந்தது. அதோடு நிற்கவில்லை. கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. சிவப்புப் போட்ட இடம் முதல் கட்டத்திலிருந்து தானாகவே விழுந்துவிடும். முப்பத்தொரு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை.

"ரெண்டாம் கட்டத்திலை குடுப்பினம்தானே?" என்றேன் மெதுவாக.

"ரெண்டாம் கட்டம் எண்டு ஒண்டு இருக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஓடை கீழே. வீடுகள் மேலே. பெண்கள் நெற்றியில் பட்டி போட்டு, முதுகில் தண்ணீரைச் சுமந்து, அந்தச் சரிவில் ஏறவேண்டும். நாளைக்கு மூன்று தரம். வீட்டிலிருந்து இருபது அடியில் கிணறு இருந்த எனக்கு, தண்ணீர் ஏறவேண்டிய சாமான் என்ற நினைப்பே வந்ததில்லை. இப்போது ஸ்டீரியோஸ்கோப்புக்குள் அந்த ஏற்றம் முழுக்கத் தெரிந்தது. அதற்குமேல் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

4. கோழிப் பண்ணை

கெவின் நல்லவன். ஆனால் கொம்பனி அவனுடையது. "புது ஷீட் அனுப்புவம். கமெரா லென்ஸ் கோளாறு எண்டு ஒரு நோட் வைப்பம். ஆருக்கும் பிரச்சினை இல்லை" என்றான்.

எனக்கும் அது இனித்தது. என் வேலை கொன்ட்ராக்ட், அடுத்த மாதம் புதுப்பிக்கவேண்டும். லென்சுக்குப் பிள்ளைகுட்டியில்லை, பழி விழுந்தால் விழட்டும்.

மிஸிஸ் கரிமி தலையை ஆட்டினார். "லென்ஸ் பிழை எண்டால் நாற்பது ஷீட்டும் பிழை. திரும்பப் படம் எடுக்கச் சொல்லுவினம். மார்ச்சிலை மழை தொடங்கும், முகில் மூடினால் பிளேன் ஏறாது. ஒரு வருசம் போச்சு. முப்பத்தொரு வீட்டுக்கில்லை, மாவட்டத்துக்கே தண்ணி இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு மனிசன் ஒரு இடத்திலை பிழை விட்டான் எண்டு சொன்னால் மட்டும்தான் மிச்சம் தப்பும்."

அந்த மனிசன் யார் என்பதில் ஒஃபிசில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"நான் எழுதுறன்" என்றேன். சொன்ன பிறகுதான் அடுத்த மாதக் கொன்ட்ராக்ட் ஞாபகம் வந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் நாற்பது ஷீட்டையும் நானும் அவரும் ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தோம். பார்த்துக்கொண்டே என் வாயைக் கிளறி, பொன்னுத்துரை அண்ணையின் மூன்று இஞ்சிக் கதையையும் எடுத்துவிட்டார்.

"அவரின்ரை பக்கம் போய்ப் பாத்தனீங்களோ?"

"ஏன் பாக்கவேணும்? என்ரை பக்கம் குறையுது, அது போதாதோ?"

"ம்ம்" என்றார். அந்த ம்ம்மை நான் கவனிக்கவில்லை.

இருபத்தாறாம் ஷீட்டில் திடீரென்று நின்றார். ஓடைக்கரையில் நீள நீளமாக அடுக்கியிருந்த கோடுகளைக் காட்டினார். "இதுக்கு என்ன எழுதியிருக்கிறீங்கள்?"

"கோழிப் பண்ணை."

அவருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, கோட்டுக் கையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அது கோப்பி ஃபக்டரியாம். பழத்தைக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஓடைக்கரையில் கட்டுவார்களாம். அந்தக் கோடுகள் கோப்பிக்கொட்டை காயவைக்கும் மேசைகள். மாவட்டத்துக்குச் சோறு போடும் இடத்துக்கு நான் கோழி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அந்த ஃபக்டரி மனேஜருக்கு இதைச் சொன்னால் இங்கிருந்தே கேக்கிற மாதிரிக் கத்துவார்" என்றார். சிரித்து முடிந்தபோது எங்களுக்குள் இருந்த கோபமும் முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

கடிதம் ஒரு பக்கம். நான் மலையில்லாத ஊரிலிருந்து வந்தவன், புல்லை வேலி என்று நினைத்தேன், ஸ்டீரியோஸ்கோப்பில் பார்க்காமல் கீறினேன், பிழை என்னுடையது, கமெராவினுடையது அல்ல என்று எழுதினேன். இரண்டாவதாகக் கோழிப் பண்ணையையும் சேர்த்தேன். கெவின் அதை வெட்டிவிடச் சொன்னான். "அதை ஏன் நாங்களாப் போய்ச் சொல்லவேணும்?" மிஸிஸ் கரிமி பேனையை அவன் கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வியாழன் பின்னேரம் கடிதம் ஃபக்சில் போனது, திருத்திய ஷீட்டுகள் கூரியரில் போயின.

வெள்ளி காலை ஸ்பீக்கர் ஃபோனில் கமிட்டி. நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி. ஒரு தடித்த குரல் கேட்டது: "பதினேழாம் ஷீட்டிலை பிழை விட்ட ஆள் வேறை இடத்திலையும் விடேல்லை எண்டு எப்பிடி நம்புறது?"

கெவின் வாயைத் திறக்கமுதல் நான் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

"விட்டிருக்கிறார், சேர். ரெண்டாவது பந்தியைப் பாருங்கோ. கோப்பி ஃபக்டரியைக் கோழிப் பண்ணை எண்டு போட்டிருக்கிறார். அந்த ஆள் நான்தான். இப்ப நாற்பது ஷீட்டும் ரெண்டு கண்ணாலையும் பாத்தாச்சு."

அந்தப் பக்கம் கடதாசி புரளும் சத்தம். பிறகு யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்க, அது ஒட்டிக்கொண்டு, தடித்த குரலும் சிரித்தது. தன் பிழையை இவ்வளவு விபரமாகச் சொல்கிறவன் மிச்சத்தை ஒளிக்கமாட்டான் என்று அந்தப் பெண் சொன்னார். பதினேழாம் ஷீட் சிவப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மிஸிஸ் கரிமி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மிஸ்டர் சிவா, பசிக்குது" என்றார். கெவின் டோனட் வாங்கப் போனான். என் கொன்ட்ராக்ட்டும் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட்டது.

5. மறுபக்கம்

அடுத்த வருடம் ஏப்ரலில் மிஸிஸ் கரிமியிடமிருந்து ஒஃபிசுக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு ஃபோட்டோ. சரிவில் ஒரு குழாய், வாளியோடு பெண்கள், பின்னால் ஆளுயரத்துக்கு என் கள்ள வேலி தளதளவென்று நிற்கிறது. முப்பத்தொரு வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிட்டதாம். இப்போது குழாயடியில் வரிசை நீளம் என்று தினமும் தனக்கு முறைப்பாடாம். கடைசி வரி: "உங்கட வேலியை மறுபக்கம் போய்ப் பாத்தனீங்களோ?"

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மலைநாட்டிலிருந்து இந்த மனிசி என் பின்வளவுக்குள் மூக்கை நுழைக்கிறாரே என்று. ஆனால் அந்த ஃபோட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் எரிச்சல்படுவது?

சனிக்கிழமை, ஸ்னோ கரைந்து சேறாய்க் கிடந்த நேரம், டேப்பை எடுத்துக்கொண்டு வாசலால் சுற்றிப் பொன்னுத்துரை அண்ணையின் பின்வளவுக்குப் போனேன். அவர் வேலிக்குக் கிட்டக் குந்திக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழும்பினார். அவருடைய கையிலும் ஒரு டேப்.

"என்ன தம்பி, இஞ்சாலை?"

"அளக்க வந்தனான், அண்ணை. என்ரை பக்கம் மூண்டு இஞ்சி குறையுது."

"உமக்குக் குறையுதோ? எனக்கெல்லோ மூண்டு இஞ்சி குறையுது! நீர் அரக்கிப்போட்டீர் எண்டு ஒண்டரை வருசமா நான் நித்திரை கொள்ளேல்லை!"

இரண்டு பேரும் வேலியைப் பார்த்தோம். குளிர்காலத்தில் நிலம் உறைந்து, கட்டைகளைத் தூக்கி, வேலியே சரிந்து நின்றது. தலை என் பக்கம், அடி அவர் பக்கம். நான் நின்றபடி மேலே அளந்திருக்கிறேன். அவர் முழங்கால் வருத்தத்தோடு குந்தியிருந்து கீழே அளந்திருக்கிறார். அளவில் இரண்டு பேரும் ஒரு நூலும் பிழைவிடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சிவப்புப் பேனையை எடுக்கமுதல் மறுபக்கம் ஒருக்கால் போய்ப் பாருங்கள். கென்யாவில் முப்பத்தொரு வீட்டுக்காரர் காரியத்தை நாங்கள் நாலு நாளில் தீர்த்தோம். அஜின்கோர்ட்டில் இரண்டு வீட்டுக்காரருக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

"வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டு வேலியை நிமித்துவம்" என்றார் பொன்னுத்துரை அண்ணை. டேப் இரண்டையும் வேலியில் கொழுவிவிட்டு உள்ளே போனோம்.